வெண்டை இலைக்கு வெல்லம் எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரப் பூங்காவில் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள வாடகைப் பாத்தியில் வெண்டை வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய பிபிஎஃப்எம் என்னும், செடி வளர்ச்சிக்கு உதவும் இளஞ்சிவப்பு பாக்டீரியாக் கரைசலை, கடைக்காரர் சொன்னபடி வெல்லம் கலந்து வாரந்தோறும் தெளித்தேன். இலைகள் பிசுபிசுத்து, கரி பூசியதுபோல் ஆகிவிட்டன, எறும்புகளும் ஏறுகின்றன. பாக்டீரியாவுக்கு உணவு போதவில்லையா? மெத்தனால் என்னும் ஆல்கஹாலைத் தெளிக்கலாமா, ஐயா?

பதில்: இலைமேல் படிந்திருப்பது கரும்பூசணம். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ வெள்ளை ஈயோ இருந்தால், அவை சுரக்கும் இனிப்பும் நீங்கள் ஊற்றிய வெல்லமும் சேர்ந்தே அந்தப் பூசணத்தை வளர்த்திருக்கின்றன.

ஆனால், அந்த பாக்டீரியா எதைத் தின்கிறது என்று நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதன் விருப்ப உணவு ஒரே ஒரு கரியணு கொண்ட மெத்தனால். வெல்லம் அதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இளம் இலை விரியும்போது செல்சுவரிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளிலிருந்து மெத்தனால் பிரிந்து, இலைத்துளைகள் வழியே வெளியேறுகிறது. பாக்டீரியா அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அந்த நஞ்சு உள்ளே தேங்கிவிடாதபடி உடனே ஃபார்மேட்டாகவும் மாற்றி, அதில் ஒரு பகுதியைக் கரியமில வாயுவாக எரித்து ஆற்றல் பெற்று, மறுபகுதியை கிளைசின் என்னும் அமினோ அமிலத்துடன் இணைத்து செரினாக்கித் தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. ஆக, வளரும் செடியே அதற்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறது. எல்லா நுண்ணுயிரிக்கும் வெல்லம் என்று சொல்லும் கடைக்காரர், தாம் விற்கும் புட்டிக்குள் இருப்பது என்னவென்றே அறியாதவர்.

மெத்தனால் வேண்டவே வேண்டாம். 1992ஆம் ஆண்டில் ஆய்வாளர் நோனோமுராவும், ஒளிச்சேர்க்கையில் கரிமத்தின் பாதையைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பென்சனும் மெத்தனால் தெளிப்பால் விளைச்சல் கூடியதாக எழுதியதும் பலர் அதைப் பின்பற்றினர். பிற இடங்களில் நடந்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. மெத்தனால் மனிதரின் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு என்பதால், அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் உலவும் பூங்காப் பாத்திக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

இலைகளை, குறிப்பாக அடிப்புறத்தை, நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சி ஒழிந்தபின், விரும்பினால் 1 லிட்டர் நீருக்கு 10 மில்லி வீதம் பிபிஎஃப்எம் மட்டும் காலையில் தெளிக்கலாம். நம் குழாய்நீரில் உள்ள, பாக்டீரியாவைக் கொல்லும் குளோரமின் ஓரிரவு திறந்து வைத்தாலும் நீங்காது. பிடித்து வைத்த மழைநீரே நல்லது. செம்பும் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், செம்பு கலந்த பூசணக்கொல்லியை அதே தெளிப்பானில் ஊற்றாதீர்கள். புட்டியைத் திறக்கும்போது புளித்த வாடையோ நுரையோ வந்தால், தெளிக்காமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.