திரைக்கு மோட்டார்: முதலில் சீலிங் வேலையை நிறுத்துங்கள்

கேள்வி: புதிய தளத்துக்கு எங்கள் அலுவலகம் மாறுகிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, 20 ஜன்னல்கள். மோட்டார் வைத்த ரோலர் திரைகள் போடப்போகிறோம். ஃபால்ஸ் சீலிங் அடுத்த வாரம் மூடப்படும். பேட்டரி மோட்டார் என்றால் வயரிங் செலவு மிச்சம் என்கிறார் ஒப்பந்ததாரர். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் இயக்கலாமா?
- ஒரு நிர்வாக அலுவலர்

பதில்: சீலிங்கை மூடவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் மின்சாரம் போய்ச் சேர வேண்டும். மோட்டார் இடது முனையிலா வலது முனையிலா என்று இப்போதே கேட்டு, அந்தப் பக்கம் வயரை விடச் சொல்லுங்கள். பழுதுபார்க்கக் கை நுழையும்படி ஒரு திறப்பும் வேண்டும்.

பேட்டரி, ஓரிரு ஜன்னல்களுக்குச் சரி. 20 பேட்டரிகளும் ஒரே நாளில் சொல்லிவைத்தாற்போல் தீராது. ஏணியோடு அலையப்போவது யார் என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். நிச்சயம் அவர் இல்லை.

ஒரே ஸ்விட்ச் முடியும். ஆனால் நேரடியாகக் கூடாது. திரை சுருளும் குழாய்க்குள் அமரும் சாதாரண ஏசி மோட்டார்கள் இரண்டின் வயர்களைச் சேர்த்து முறுக்கி ஒரு ஸ்விட்சில் கொடுத்தால், ஒன்று நின்ற பிறகும் அதன் கெப்பாசிட்டர் வழியாக மற்றதற்கு மின்சாரம் திரும்பிப் பாயும். மோட்டார் கெடும். ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்சாரத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ரிலே இடையில் கட்டாயம். ரேடியோ ரிசீவர் உள்ளேயே அமைந்த மோட்டார் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஒரு ரிமோட்டில் குழுவாகச் சேர்த்துவிடலாம். அப்போதும் கூட்ட அறையைத் தனிக் குழுவாக வையுங்கள். சோதிக்கும்போது விடாமல் ஏற்றி இறக்கினால், நான்கைந்து நிமிடத்தில் மோட்டார் சூடாகித் தானே நிற்கும். அது பழுதல்ல; ஆறியதும் ஓடும்.

நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்குக் கவலை: துணி. சாயும் வெயில் நேராகக் கணினித் திரையில் விழும் மேற்குப் பக்கத்தில், 5 அல்லது 10 சதவீதம் துளையுள்ள துணி போட்டால் எவ்வளவு உயர்ந்த மோட்டாரும் கண்கூச்சத்தைத் தடுக்காது. 1 அல்லது 3 சதவீதத் துணியைக் கேளுங்கள். அடர்நிறத்தில் கூச்சம் குறைவு, வெளிக்காட்சியும் தெளிவு. வெளிர்நிறம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். கண்ணாடிப் பக்கம் வெளிர், அறைப் பக்கம் அடர் என இருநிறத் துணியும் உண்டு. இருட்டிய பிறகு உள்ளே விளக்கு எரிந்தால், துளைத் துணி வழியாக வெளியிலிருப்பவர்களுக்கு உள்ளே தெரியும் என்பதையும் மேலதிகாரிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆர்டருக்கு முன், துணி மாதிரிகளை மாலை வெயிலில் அந்த ஜன்னலிலேயே தொங்கவிட்டு, கணினிக்கு முன் உட்கார்ந்து பாருங்கள். கடையின் குழல்விளக்கில் எல்லாத் துணியும் நல்ல துணிதான்.