சூட்டைக் கூட்டினால் சுருள் நிற்குமா? முடி அலங்காரம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் அக்காவின் ரிசெப்ஷன், மாலை ஐந்து மணிக்கு. எனக்கு இடுப்புவரை நேரான முடி. எந்த விசேஷத்துக்குச் சுருட்டினாலும் ஒரு மணித்தியாலம் தாண்டாது, நீண்டு விழுந்துவிடும். என்னிடம் இருக்கும் கேர்லிங் அயன் 200 பாகை வரைதான் போகும். 230 பாகை போகிற ஒன்று வாங்கினால் நிற்குமா?

பதில்: நிற்காது. காசும் போகும், முடியும் போகும்.

அயன் செய்வது தற்காலிக வேலை. முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகள் சூட்டில் இளகும். முடி ஆறும்போது எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதே பிணைப்புகளைத் தண்ணீரும் இளக்கும். மாலையில் கடல் பக்கமிருந்து வரும் காற்றின் ஈரமே அதற்குப் போதும். 180 பாகையில் சுருட்டினாலும் 230 இல் சுருட்டினாலும் அந்த ஈரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 200 பாகையைத் தாண்டினால் கெரட்டினே சிதையத் தொடங்கும். முடி நனைந்திருந்தால் அந்தச் சிதைவு 150 பாகைக்கும் கீழேயே ஆரம்பிக்கும். ஆகவே உங்களிடம் இருக்கும் அயனே போதும். மாற்ற வேண்டியது மற்றதெல்லாம்.

முதல்நாள் பின்னேரமே தலைமுழுகுங்கள். கண்டிஷனர் நுனிப்பக்கம் மட்டும். உச்சியில் பூசினால் முடி வழுக்கிச் சுருள் பிடிக்காது. இடுப்புவரை முடியென்றால் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பிடரிப் பக்கம் உள்ளே ஈரம் நிற்கும். அயனை வைக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தாலோ ஆவி பறந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து, ஆவியாகி, உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை போடுகிறது. பிறகு சீப்பு பட்டாலே அந்த இடத்தில் முறியும். அதற்கு மருந்து கிடையாது, வெட்டத்தான் வேண்டும்.

சூட்டுப் பாதுகாப்பு ஸ்ப்ரேயை முடியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் மூன்று தடவை, 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து அடியுங்கள். சீப்பால் வாரிப் பரப்பி, அதுவும் காய்ந்த பிறகுதான் அயன். அளவு 170 பாகை. தடித்த முடியென்றால் 180. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் முடி எடுக்காதீர்கள். ஆறு முதல் எட்டு விநாடி, ஒரே ஒரு தடவை. தடியின் விட்டம் 25 மில்லிமீற்றர் நல்லது. 32 இல் சுருட்டினால் பெரிய அலை வரும், ஆனால் நீண்ட முடியின் பாரமே அதை இழுத்துவிடும். சிறியதாகச் சுருட்டினால், தளர்ந்த பிறகு நீங்கள் விரும்பிய அலையில் வந்து நிற்கும்.

இனித்தான் எல்லாரும் தவறவிடும் வேலை. தடியிலிருந்து கழற்றிய சுருளை அப்படியே தொங்கவிட்டால் சூட்டோடு சூடாக நீண்டுவிடும். உள்ளங்கையில் ஏந்தி, சுருளாகவே உச்சியோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், தொட்டால் குளிரும் வரை. எல்லாம் ஆறிய பிறகு கழற்றி, விரலால் மட்டும் பிரித்து, ஹெயார் ஸ்ப்ரேயை 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று அடியுங்கள். அயன் வைப்பதற்கு முன்னால் ஹெயார் ஸ்ப்ரே வேண்டாம். அதிலுள்ள பிசின் தடியிலும் முடியிலும் கருகி ஒட்டும். கடைசியில் சிலிக்கோன் சீரம் இரண்டு துளி, நுனிக்கு. கிளிசரின் முதல் மூன்று நான்கு பெயருக்குள் இருக்கும் கிறீம்களை அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். அது ஈரத்தை இழுக்கும் பொருள், கடற்கரையில் இழுப்பதற்கு ஈரம் தாராளமாக இருக்கிறது.

இவ்வளவு செய்தும் வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது கார்த்திகை முதல் தை வரை, விரித்துவிட்ட சுருள் இரவு வரை நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. தாழ்ந்த கொண்டை போட்டு, நெற்றியோரமும் காதோரமும் மட்டும் சுருள் விடுவதே புத்திசாலித்தனம். கச்சான் வீசும் மாதங்களில் பகல் காற்று வறண்டது. அப்போது சுருள் நிற்கும், ஆனால் முடி பறக்கும். சீரம் ஒரு துளி கூடுதலாக வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஹெயார் ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கும். அடித்தவுடன் குத்துவிளக்கடியில் குனிவதோ, ஆலாத்தித் தட்டின் முன்னால் நிற்பதோ கூடாது. நன்றாகக் காயட்டும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் சித்தி ஒரு ஸ்ட்ரெய்ட்னரும் ஹெயார் ட்ரையரும் அனுப்பியிருக்கிறா. பிளக் மாற்றி ஒன்று கடையில் வாங்கிப் போட்டால் சரிதானே? (உவர்மலை வாசகி)

பதில்: பிளக் மாற்றி முனையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல. கனடாவில் 120 வோல்ற், இங்கே இலங்கையில் 230. கைப்பிடியில் அல்லது வயரின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றிருந்தால் செருகவே வேண்டாம். மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானால் சூடாக்கும் கம்பி இழுக்கும் மின்வலு நாலு மடங்கை நெருங்கும். அது உங்கள் தலையில் இருக்கும்போது எரிந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்ட்ரெய்ட்னருக்கு அழுத்தம் குறைக்கும் சிறிய டிரான்ஸ்போமர் போதும். ட்ரையர் 1500 வாற்றுக்கு மேல் என்றால் 2000 வோல்ற்-அம்பியர் டிரான்ஸ்போமர் வேண்டும். அது கல்லுப்போலக் கனக்கும், விலையும் புது ட்ரையரை விடக் கூட வரலாம். வாங்காதீர்கள். சில பயண ட்ரையர்களில் காசுக்குத்தியால் திருப்பும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 230 அல்லது 250 பக்கம் திருப்பிய பிறகே செருக வேண்டும். லண்டன், கட்டார், டுபாய் சாமான்களில் இந்தத் தொல்லை இல்லை. அழுத்தமும் ஒன்று, 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கும் ஒன்று.

இன்னொன்று, கனடாவிலிருந்து வரும் அயனில் எண்கள் பரனைற்றில் இருக்கலாம். அங்கே 350 என்றால் நம் கணக்கில் 177 பாகை. 450 என்றால் 232.

கேள்வி: கடையில் செரமிக், டைற்றேனியம் என்று ஒவ்வொரு விலை சொல்கிறார்கள். எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

பதில்: வெப்ப அளவைப் பாகையில் காட்டி, அதை மாற்ற விடும் பொத்தானுக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வெறும் 'ஓன், ஓஃப்' மட்டும் உள்ள மலிவு அயன் எந்தச் சூட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1 முதல் 5 வரை எண் போட்டதும் பெரும்பாலும் அதே கதைதான்.

செரமிக் என்று எழுதியிருப்பதில் பல, அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு. பூச்சு உரிந்தால் அந்த இடத்தில் முடி சிக்கி இழுபடும். டைற்றேனியம் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் கடத்தும். தடித்த முடிக்கும் கை பழகியவர்களுக்கும் அது சரி. மெல்லிய முடிக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் செரமிக் போதும். கடையிலேயே இரண்டு தகட்டையும் மூடி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் முடி சமமாக அழுந்தாது, ஒரே இடத்தில் நாலு தரம் இழுப்பீர்கள். செருகிச் சூடாக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை ரிஷ்யூத் தாளைச் சில விநாடி இடையில் வைத்தால், மஞ்சளாகும் அயன் முடிக்கும் அதிகம்தான். தானாக அணையும் வசதி, வயர் சுழலும் மூட்டு, எழுதிக் கொடுத்த உத்தரவாதம் மூன்றும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

சூட்டுப் பாதுகாப்பு ஸ்ப்ரே வாங்கும்போது போத்தலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். '-கோன்', '-சிலொக்சேன்' என்று முடியும் பெயர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். '232 பாகை வரை பாதுகாப்பு' என்பது அந்தச் சூட்டில் முடிக்கு ஒன்றும் ஆகாது என்ற அர்த்தமல்ல. எந்த ஸ்ப்ரேயும் சேதத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

கேள்வி: ஸ்ப்ரேக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் பூசலாமா?

பதில்: தலைமுழுகுவதற்கு முன்னால் பூசுங்கள், நல்லது. முடிக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கும் எண்ணெய் அது. அயனுக்கு முன்னால் வேண்டாம். வீட்டில் காய்ச்சி எடுத்த எண்ணெய் 175 பாகையை அண்டியே புகையத் தொடங்கும்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. அடுத்த மாதம் சாமத்திய வீடு. கெரட்டின் செய்தால் முடி மூன்று மாதம் பளபளவென்று நேராக இருக்கும், இரசாயனமே இல்லை என்று பார்லரில் சொல்கிறார்கள். செய்யலாமா? (தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் பதில். மூன்று மாதம் நேராக நிற்கிறது என்றால் அங்கே ஒரு இரசாயனம் வேலை செய்கிறது என்றுதான் பொருள். இவற்றில் பலவற்றில் போமல்டிஹைட் இருக்கிறது, அல்லது சூடாக்கும்போது வெளியேறுகிறது. பூசிய பிறகு 200 பாகைக்கு மேல் அயனால் பல தடவை இழுப்பார்கள், ஆவி அப்போதுதான் கிளம்பும். கண் எரிந்து, தொண்டை கரகரத்தால் காரணம் அதுவே. போமல்டிஹைட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. போத்தலில் போமலின், மெதிலீன் கிளைக்கோல் என்றும் எழுதியிருக்கலாம், பொருள் ஒன்றுதான். போத்தலையே காட்ட மறுக்கும் பார்லரில் எந்த வயதினரும் உட்காரக் கூடாது.

அதோடு, சாமத்தியச் சடங்கில் பூச்சடையும் சடைநாகமும் வைத்த பிறகு நேரான முடி எங்கே தெரியப்போகிறது? உருளைத் தூரிகையும் ட்ரையரும் வைத்து இழுத்துவிட்டால் அன்றைக்குப் போதும். ட்ரையர் முனையை முடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன் பூ, சவரி, ஒத்திகை எல்லாம் அந்த விலைக்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

கேள்வி: 'அசல் மனித முடி' என்று சொல்லிச் சவரி விற்றார்கள். அயன் வைத்ததும் உருகி ஒட்டிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். என்ன செய்யலாம்? (கிண்ணியா)

பதில்: உருகியது என்றால் அது செயற்கை நார். மனித முடி உருகாது, கருகும். வாங்கும்போதே இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் நாற்றம் வந்து, விரலில் பொடியானால் மனித முடி. பிளாஸ்ரிக் நாற்றம் வந்து, நுனியில் கெட்டியான மணி திரண்டால் நார். கலப்படமும் உண்டு, ஆகவே இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுங்கள்.

உங்கள் விடயத்தில், பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை. முதலில் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய்க் கதையுங்கள். சரிவராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி, பொதியுறையில் 'மனித முடி' என்று எழுதிய பகுதியின் படம், உருகிய துண்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் துண்டை இப்போதைக்குக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.