பஃறுளி ஆற்று மணல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். இரவில் எங்களைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கதை சொல்வார். "குமரிக்குத் தெற்கே நமக்கு ஒரு நாடு இருந்தது, கடல் கொண்டுபோய்விட்டது" என்றுதான் தொடங்குவார். சென்ற வாரம் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகனிடம் இதைச் சொன்னேன். "குமரிக்கண்டம், லெமூரியா எல்லாம் கட்டுக்கதை அம்மா, விஞ்ஞானிகள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்" என்று கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் எங்களுக்குச் சொன்னது பொய்யா?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

அப்பா சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் 'கண்டம்' என்ற சொல்லே இல்லை. 'நாடு' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

லெமூரியாவைப் பற்றி உங்கள் மகன் சொன்னது சரி. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கு உறவான விலங்குகள் கடல் தாண்டி இந்தியாவிலும் இருப்பதைப் பார்த்து, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் லெமூரியா. நம் தேவாங்கு அந்த உறவுக்காரப் பிராணிகளில் ஒன்று. சிங்கப்பூரின் நீர்ப்பிடிப்புக் காடுகளிலும் ஒருவகைத் தேவாங்கு இரவில் கிளை பற்றி மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது உறுதியானதும் அந்த மூழ்கிய கண்டத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்து, ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அன்று மனிதனே பிறக்கவில்லை.

குமரிக்கண்டம் என்ற பெயர் கச்சியப்பர் பாடிய கந்தபுராணத்தில் வருவது. பரதன் தன் நாட்டை எட்டு மகன்களுக்கும் குமரி என்னும் மகளுக்குமாக ஒன்பது பங்கு போட்டான்; மகளின் பங்கு குமரிக்கண்டம். அங்கே அதைக் கடல் கொள்ளவே இல்லை! ஸ்கிளேட்டரின் நிலத்தையும் கச்சியப்பரின் பெயரையும் ஒன்றாக முடிந்து வைத்தது பிற்காலம். மொழிப் பற்றால் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், அந்த முடிச்சு அவிழும்போது அதோடு சேர்த்து வேறொரு பழைய நினைவையும் பிள்ளைகள் தூக்கி எறிகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

அந்த நினைவைத்தான் உங்கள் அப்பா சொன்னார். 'மலிதிரை ஊர்ந்துதன் மண்கடல் வௌவலின்' என்கிறது கலித்தொகை. அலை ஏறி வந்து தன் மண்ணைப் பறித்துக்கொண்டபோது பாண்டியன் சோர்ந்து உட்காரவில்லை; வேறு நிலத்தை வென்று சேர்த்தான். பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டிலோ நெட்டிமையார் அரசனை வாழ்த்தும்போது, 'நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே' என்கிறார். அந்த ஆற்று மணலைவிட அதிக காலம் வாழ்வாயாக என்று பொருள். கடல் விழுங்கிய ஆற்றில், இந்தப் பாட்டுக்குள் மட்டும் இன்னும் நல்ல தண்ணீர் ஓடுகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு நேரமாகும்.

கடல் கொண்டது நாற்பத்தொன்பது நாடு, எழுநூறு காவதத் தொலைவு என்பதெல்லாம் பின்னால் வந்த உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தரும் கணக்கு. மகனோடு அதை வைத்து வாதாட வேண்டாம். கடல் கொள்வதற்கு ஒரு கண்டம் தேவையில்லை, ஒரு கரையோர ஊர் போதும்.

பல ஆண்டுகளுக்கு முன் தனுஷ்கோடிக்குப் போயிருந்தேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் அந்த ஊரையும் கொண்டுபோய்விட்டது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் நின்றன. அலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மூதாட்டி கையாலேயே மணலைத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. கொட்டாங்குச்சியில் மொண்டு கொடுத்தார், உப்பே இல்லை. மணலில் இறங்கும் மழைநீர் கனம் குறைந்தது என்பதால், கீழே இருக்கும் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் குடித்து முடித்ததும் அவர் கடலுக்குள் கையை நீட்டி, "எங்கள் வீடு அங்கே இருந்தது" என்றார். உங்கள் அப்பாவின் வாக்கியத்தைப் படித்ததும் அந்தக் கைதான் என் கண்முன் வந்தது.

உங்கள் மகனுக்கு அறிவியல் பிடிக்கும் என்றால் இதையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். குமரி முனைக்குத் தெற்கேயும் கரை இன்னும் தள்ளித்தான் இருந்தது. சிங்கப்பூர் அப்போது தீவே இல்லை. இங்கிருந்து ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போகலாம். அவன் படுத்து உறங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, கடல் கொண்ட ஒரு பெருநிலத்தின் மிச்சத்தில்தான் நிற்கிறது. பாண்டியன் பாட்டு அவ்வளவு பழைய நினைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கடல் வருவதும் போவதும் கட்டுக்கதை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தெலுக் ஆயர் வீதிக்கு அழைத்துப் போங்கள். 1830 வாக்கில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் கட்டி முடித்த நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. அப்போது அதன் எதிரே கடல். 1880களில் அந்த வளைகுடாவைத் தூர்த்தார்கள். இன்று வாசலில் நின்றால் உயரமான கட்டடங்கள்தான் தெரியும். "இங்கே கடல் இருந்தது" என்று நீங்கள் கையை நீட்டிச் சொல்லுங்கள். அவன் நம்புகிறானா பாருங்கள்.

அப்பா எந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தஞ்சோங் பகார் என்றால், தர்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். அதையும் அவனுக்குக் காட்டுங்கள்.