கொயருக்கும் வாலிபர்களுக்கும் ஓயாத சண்டை. பாடகர் குழுவில் ஒற்றுமையை எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் சபையில் ஒரு பக்கம் பாமாலைப் புத்தகத்தோடு பெரியவர்கள், மறுபக்கம் கீபோர்டு, கிடார், ரிதம் பேடோடு வாலிபர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒற்றுமைக்கு ஜெபம்தான் வழி என்பார்கள்; ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இந்த மனஸ்தாபங்களில் முக்கால்வாசி தாளம், ஸ்கேல் (பாட்டை எந்தச் சுருதியில் பாடுவது என்பது), சத்தம் மூன்றிலும்தான் பிறக்கிறது.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையிலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். கீபோர்டு தம்பி அதைப் பார்ப்பதேயில்லை. மூன்று எண்ணிக்கையில் போகிற ரூபக தாளக் கீர்த்தனைக்கு, கீபோர்டில் தானாக ஓடும் ரிதமான ஸ்டைலை நாலு எண்ணிக்கையில் (4/4) தட்டிவிட்டால், பல்லவி முடிவதற்குள் பாட்டு ஒரு பக்கம், ரிதம் ஒரு பக்கம். "பெருசுங்களுக்குத் தாளமே நிக்காது" என்று இவர்கள் சிரிக்க, "கச்சேரி பண்ண வந்துட்டானுங்க" என்று அவர்கள் முறைக்க, அன்றைய பிராக்டிஸ் போச்சு. ரூபகத்துக்கு 3/4 போடுங்கள். மிஸ்ர சாபு என்றால் ஏழு எண்ணிக்கை; அதற்குப் பெரும்பாலான கீபோர்டுகளில் ஸ்டைல் கிடையாது. ரிதத்தை அணைத்துவிட்டுத் தபேலாவோ பேடோ கையால் 3+4 என்று வாசிக்கட்டும்.

ஸ்கேலை கொயரின் சோப்ரானோவுக்காக (உச்சத்தில் பாடும் பெண் குரல்) வைக்காதீர்கள், சபைக்காக வையுங்கள். பாட்டின் உச்ச சுரம் பெண்களுக்கு கீபோர்டின் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை அடுத்த டி-யைத் தாண்டினால் பாதிச் சபை வாயை மூடிக்கொள்ளும். ஸ்கேலை இறக்கினால் கிடார் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கீபோர்டில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை -2-இல் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்கு மாற்ற மறப்பதும், பிறகு "யார் தப்பா வாசிச்சது?" என்று ஆராதனை முடிந்ததும் வெடிப்பதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சத்தம்தான் பெரிய வில்லன். தன் குரல் கேட்கவில்லை என்று ஒருவர் மானிட்டரை (பாடுகிறவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றச் சொன்னால் மற்றவர்களும் ஏற்றச் சொல்வார்கள், கடைசியில் மைக் ஊளையிடும். "என்னை ஏத்துங்க" என்பதற்குப் பதிலாக "கீபோர்டைக் குறைங்க" என்று கேட்கப் பழக்குங்கள். மானிட்டர் மைக்கின் பின்புறத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்கச் சத்தத்தையும் அது இழுத்துக்கொள்ளும். ஊளைக்குப் பாதிக் காரணம் அதுதான். சவுண்ட் செக்கில் முதலில் குரல்கள், பிறகு கீபோர்டு, கடைசியில்தான் பேட்.

பாட்டு, ஸ்கேல், தாளம், எந்தெந்தச் சரணம் என்பதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள் குரூப்பில் வந்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலை பாடுவதற்கு மட்டும். முதல் இருபது நிமிடம் வாத்தியமே வேண்டாம், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நாலு குரலும் ஒன்றையொன்று கேட்கட்டும். ஒருவர் பிசகினால் கொயர் மாஸ்டர் எல்லார் முன்னாலும் பேரைச் சொல்லாமல், "ஆல்ட்டோ, இன்னொரு தரம்" என்று பகுதியைச் சொல்லித் திருத்தட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் ஸ்பீக்கர் வாங்கி, திறப்பு விழாவும் வைத்து, கல்வெட்டில் பேரும் போடுகிற கமிட்டிகள் நாலு நல்ல மைக் கேபிளுக்குக் காசு தராது. டேப் சுற்றிய கேபிள் கரகரக்கும்போது சபை முறைப்பது பாடுகிற பிள்ளையை.