லடாக்கிலிருந்து வரும் கணவர்: வீட்டில் முதல் ஆறு நாள்

கேள்வி: என் கணவர் இராணுவத்தில் ஹவில்தார். லடாக்கில் இருக்கிறார், கடைசி மூன்று மாதம் சியாச்சின் போஸ்டில். அடுத்த வாரம் இரண்டு மாத லீவில் வேலூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வருகிறார். போன வருடம் வந்தபோது யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இரவில் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார். வந்த மறுநாளே குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு என்று மாமியார் ஊரையே அழைத்திருக்கிறார். மூன்று வயது மகளுக்கு அப்பா என்றால் போனில் வருபவர்தான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கிடா வெட்டைப் பத்து நாளாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். அவரே போனில் அம்மாவிடம் சொன்னால் உங்கள் தலை உருளாது.

லடாக்கின் லே நகரில் விமானத்தை விட்டு இறங்கும் ஜவானை நேராக மேலே அனுப்ப மாட்டார்கள். 9,000 முதல் 12,000 அடி உயரத்துக்குப் பழக ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. 15,000 அடி வரை என்றால் இன்னும் நான்கு நாள், அதற்கும் மேலே என்றால் மேலும் நான்கு. ஊருக்கு இறங்கும்போது இப்படி அட்டவணை எதுவும் கிடையாது. லீவு சர்டிபிகேட், ரயில் வாரண்ட் (இராணுவம் தரும் பயணச் சீட்டு), அவ்வளவுதான். இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்: அந்த ஆறு நாளை வீட்டில் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

முதலில் உடம்பு. 18,000 அடியில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான். அங்கே பசி எடுக்காது, தூக்கம் துண்டு துண்டாக வரும், ஆள் இளைத்துப் போவார். கீழே வந்ததும் சில நாள் அசதியும் பகல் தூக்கமும் சகஜம். "வந்ததிலிருந்து தூங்குறான்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயரத்தில் இரத்தம் கெட்டிப்படும். அதோடு டெல்லியிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிறார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஸ்டேஷனுக்கு நீங்களும் மகளும் போனால் போதும். பேனர், பத்தாயிரம் வாலா எல்லாம் வேண்டாம்.

மகள் விஷயத்தில் அவசரப்பட்டால் காரியம் கெடும். நான் லீவில் வந்தபோது என் மகன், எதிரில் நின்ற என்னை விட்டுவிட்டு அம்மாவின் போனை எடுத்து வந்து "அப்பாவைக் கூப்பிடு" என்றான். அன்று ட்ரங்குப் பெட்டியைத் திறக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்குத் தெரிந்தது உள்ளங்கை அளவு முகமும் குரலும்தான். இங்கே நிற்பதோ மீசையும் வேறு வாசனையுமாக ஒரு பெரிய ஆள். "அப்பாகிட்ட போ" என்று தள்ளிவிடாதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும், அவளே சுற்றிச் சுற்றி வருவாள். நாலைந்து நாள் போனதும் பால்வாடியில் விட்டு, கூட்டி வரும் வேலையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பொம்மையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வீட்டுக் கணக்கு, பங்காளித் தகராறு, நகைக் கடன் இவற்றை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். ஆனால் மறைக்கவும் வேண்டாம். இரண்டாவது வாரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். இத்தனை மாதம் நீங்கள் ஓட்டிய வீடு இது. வந்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் பார்ப்பார். "இப்படித்தான் நடக்குது, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றால் சண்டை பாதி குறையும். நிலத் தகராறு பெரிதாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள்.

இரவில் வாசலில் உட்காருகிறாரா? "என்ன ஆச்சு?" என்று துருவாமல் சும்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். தூக்கத்துக்காக கேன்டீன் ரம் என்று ஆரம்பித்தால் மட்டும் விடக் கூடாது. ரம் தூங்க வைக்கும். ஆனால் நடுராத்திரியில் எழுப்பியும் விடும், மறுநாள் அளவும் கூடும்.

மூன்று நான்கு வாரம் கழித்தும் கெட்ட கனவு, எரிச்சல், ஆள் ஒதுங்குவது குறையவில்லை என்றால் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். சாகிற பேச்சு வந்தால் வாரக் கணக்கு பார்க்காதீர்கள், அன்றே மருத்துவமனை, தனியாகவும் விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் போனால் மெடிக்கல் கேட்டகிரி (பணிக்கான உடல்தகுதித் தரம்) போய்விடும் என்று அவர் பயப்படுவார். பயம் வீணானது என்று சொல்ல மாட்டேன், தற்காலிகமாகக் குறையலாம். சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனையில் திரும்பவும் ஏறுவதும் உண்டு. முற்றவிட்டுப் போனால்தான் வேலைக்கே சிக்கல்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அவர் மறுபடி பேச்சைக் குறைப்பார். அது உங்கள் மேல் கோபம் இல்லை, மனசு முன்னாலேயே ரயில் ஏறிவிடுகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: மகள் தூங்கும்போது கிளம்ப வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.