தடுப்பூசிப் பக்கம் நேற்று வேறு மாதிரி இருந்ததே, டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் சர்க்கரையும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. இணையக் கலைக்களஞ்சியங்களில் தடுப்பூசித் தகவல் அடிக்கடி மாறுகிறதே என்ற ஒரே சந்தேகம்தான் பல ஊர்களிலிருந்து பல வடிவில் வந்திருக்கிறது. பொது சுகாதாரத் துறையில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் ஆள் நான். அதனால் கடிதக் கட்டை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

மகனுக்கு ஊசி போட்ட ராத்திரி 103 டிகிரி காய்ச்சல். அதை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினேன். பத்தே நிமிடத்தில் காணோம். ஒரு தாயின் அனுபவத்துக்கு அங்கே இடமில்லையா?
– பள்ளி ஆசிரியை, விருதுநகர்

அங்கே இல்லைதான். ஆனால் நீங்கள் சொன்னது பொய் என்று யாரும் நினைக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி ஒன்று உண்டு. காய்ச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். ஊசி போட்ட கையோடு செவிலியர் காய்ச்சல் மருந்தையும் கொடுத்தனுப்புவது இதற்காகத்தான். உங்கள் வரி நீக்கப்பட்டதற்குக் காரணம், அதற்குச் சான்றாக உங்களையே நீங்கள் காட்டியது.

மருத்துவத் தகவலுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி விதி இருக்கிறது. பேப்பரில் வந்த செய்தி போதாது. ஒற்றை ஆய்வும் போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய மீளாய்வோ, பெரிய மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலோ வேண்டும். அதுவும் கூடியவரை கடந்த ஐந்தாண்டுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். 'என்னிடம் வந்த நோயாளி ஒருவருக்கு' என்று நான் ஆரம்பித்தபோதும் அழித்துவிட்டார்கள். அன்று எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஊசிக்குப் பின்னால் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா என்பதைத் தனி ஒருவரின் கதையை வைத்துச் சொல்லிவிட முடியாது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். அந்த இரண்டு நாள் இடைவெளி ஊரையே கலங்கடித்தது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு ஆவணங்களைப் பார்த்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. கலைக்களஞ்சியம் காத்திருப்பது அப்படிப்பட்ட முடிவுக்குத்தான்.

உங்கள் மகனின் காய்ச்சலை ஊசி போட்ட செவிலியரிடம் சொன்னீர்களா? பதிவாக வேண்டிய இடம் அதுதான்.

'தொகு' பொத்தானைக் காணோம், பூட்டுப் படம் இருக்கிறது. எதை ஒளிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், சேலம்

கிறுக்கல் தாங்காமல் போட்ட பூட்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதாரணப் பூட்டு என்றால், கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் திருத்தமும் ஆனால் திறந்துவிடும். பெரிய பூட்டு என்றால் 30 நாளும் 500 திருத்தமும் வேண்டும். அதுவரை 'உரையாடல்' பக்கத்தில் எழுதுங்கள், படிக்கிறார்கள்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியின் தளமே ஆட்டிசம் பற்றிய நிலையை மாற்றிக்கொண்டது. விக்கிப்பீடியா மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? சிடிசியை விடவா இவர்கள் பெரியவர்கள்?
– மென்பொருள் பொறியாளர், நியூஜெர்சி

நடந்ததை முதலில் பார்த்துவிடுவோம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுகள் காட்டுவதாக அந்தப் பக்கத்தில் இருந்தது. 2025 நவம்பர் 19 அன்று அது போய், 'தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்பது சான்றின் அடிப்படையிலான கூற்று அல்ல. அதற்கான வாய்ப்பை ஆய்வுகள் விலக்கிவிடவில்லை' என்ற பொருளில் புது வாசகம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், 'தடுப்பூசிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை' என்ற தலைப்பு மட்டும் மேலே அப்படியே நின்றது, ஒரு நட்சத்திரக் குறியோடு. செனட்டின் சுகாதாரக் குழுத் தலைவரோடு உள்ள உடன்பாட்டால் தலைப்பை எடுக்கவில்லை என்று கீழே விளக்கம் வேறு. மாற்றச் சொன்னது தானே என்று சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் சொன்னார்.

அந்த மாதம் பழைய முடிவைப் புரட்டிப்போடும் ஆய்வு ஏதாவது வந்ததா? வரவில்லை. 138 ஆய்வுகள், 2.3 கோடிக்கும் மேற்பட்ட சிறார்கள் என்று கணக்கெடுத்த, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு இருக்கிறது. 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு இருக்கிறது. இரண்டிலும் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. எதிர்ப்பக்கத்தில் இந்தப் பீதியைக் கிளப்பியது பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு பிரிட்டனில் அவர் மருத்துவப் பதிவும் போயிற்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த விவகாரத்தைப் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே இன்று 'மோசடி' என்ற சொல் இருக்கிறது.

'விலக்கிவிடவில்லை' என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் ஊர்ப் புளியமரத்தில் பேய் இல்லை என்றும்கூட இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

ஆகவே விக்கிப்பீடியர்கள் முடிவை மாற்றாமல், சிடிசி தன் பக்கத்தை மாற்றியதை ஒரு நிகழ்ச்சியாகப் பதிந்துகொண்டார்கள். எனக்கு இதில் வேறொரு வருத்தம். 'சிடிசி சொல்கிறது' என்று ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் சோம்பல் எங்களில் பலருக்கு இருந்தது. இப்போது அந்த இணைப்பைத் தட்டினால், கட்டுரை சொல்வதற்கு நேர்மாறான பக்கம் திறக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடி மூல ஆய்வையோ பழைய பிரதியையோ வைக்க வேண்டியிருக்கிறது. சான்றுக்குப் போகாமல் அலுவலகத்தின் பெயரில் சாய்ந்ததற்குக் கிடைத்த வேலை.

எது எப்போது மாறியது என்று நானே பார்க்க முடியுமா?
– இல்லத்தரசி, மட்டக்களப்பு

முடியும். கட்டுரைக்கு மேலே 'வரலாறு' என்று இருக்கும். தட்டினால் ஒவ்வொரு திருத்தமும், நேரமும், செய்தவரின் பயனர் பெயரும் வரிசையாக நிற்கும். இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் மாறிய சொற்கள் மட்டும் நிறம் மாறித் தெரியும். அரசுத் தளங்களில் பொதுவாக இந்த வசதி கிடையாது. அவற்றுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்தால், சேமித்துவைத்த பழைய பக்கங்கள் தேதிவாரியாகக் கிடைக்கும்.

கோவிட் ஊசி வேலை செய்யவில்லை என்றதும் 'தடுப்பூசி' என்பதன் வரையறையையே மாற்றினார்களே, அது ஏமாற்று இல்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

வார்த்தை மாறியது உண்மை. 2021 செப்டம்பரில் சிடிசி தன் விளக்கத்தில் நோய் 'எதிர்ப்பாற்றல்' என்றிருந்ததைப் 'பாதுகாப்பு' என்று ஆக்கியது. ஊசி போட்டால் நோயே அண்டாது என்று மக்கள் எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க என்றார்கள். அந்த நேரத்தில், அந்த மாதிரி, சத்தமில்லாமல் செய்தது அசட்டுத்தனம் என்பது என் கருத்து. சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு கவசமாக எப்போதும் இருந்ததில்லை. காசநோய்க்கான பிசிஜி, குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகையிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் அவ்வளவு கைகொடுப்பதில்லை. ஊசிவழிப் போலியோ மருந்து வாதத்தைத் தடுக்கும். குடலில் கிருமி தங்குவதை முழுக்கத் தடுக்காது. சொல்லும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் பசு. ஆங்கில மருத்துவர் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு செய்ததற்கு மட்டும் இருந்த பெயரை, மற்ற நோய்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று 1881இல் சொன்னவர் லூயி பாஸ்டர். நம் பாட்டிமார் 'அம்மை குத்திக்கிட்டியா' என்று கேட்டார்கள். நாம் தடுப்பூசி என்கிறோம். ரோட்டா வைரஸ் 'தடுப்பூசி'யை வாயில் சொட்டாக விடுகிறோம். ஊசி எங்கே என்று இதுவரை எந்தத் தாயும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை!

கோவிஷீல்டால் ரத்தம் உறையும் என்பதை 2024 வரை மறைத்துவிட்டு, அப்புறம்தானே கட்டுரைகளில் ஏற்றினார்கள்?
– மருந்துக் கடைக்காரர், ஈரோடு

2024 ஏப்ரல் கடைசியில் பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தை வைத்து கோவிஷீல்டை உருவாக்கிய நிறுவனமான அஸ்ட்ராசெனெகா 'ஒப்புக்கொண்டது' என்று செய்தி வந்ததும் என் வாட்ஸ்அப் கொதித்துப்போனது. ரத்தத் தட்டணு குறைந்து கட்டி உறையும் அந்த அபூர்வ பாதிப்பை, மிக அரிய பக்கவிளைவாகச் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்றே அறிவித்துவிட்டது. இந்தியத் தேசியக் குழுவும் அந்த மே மாதத்தில் பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று கணக்குச் சொன்னது. ஐயம் இருந்தால் கட்டுரையின் வரலாற்றில் 2021 ஏப்ரலுக்குப் போய்ப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம். ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் இருந்த வரி, முகாமில் வரிசையில் நின்றவரின் கைச்சீட்டில் இல்லை. கடும் தலைவலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம் வந்தால் உடனே வா என்று தமிழில் இரண்டு வரி அச்சடித்துக் கொடுத்திருந்தால், மூன்று வருடம் கழித்து 'மறைத்தார்கள்' என்ற பேச்சே வந்திருக்காது.

பசு அம்மைப் பாலைக் குத்தும் முறை நம் முன்னோர்களுக்குத் தெரியும் என்று சேர்த்தேன். நீக்கிவிட்டார்கள். பெருமையை மறைக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மயிலாடுதுறை

ஐயா, இந்தக் கேள்விக்காகவே ஒரு காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு விஷயங்கள் இதில் கலந்துகிடக்கின்றன. மனிதர்களின் பெரியம்மைச் சீழை எடுத்து அடுத்தவர் தோலில் கீறி ஏற்றும் வழக்கம் வங்காளத்தில் இருந்தது உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஹோல்வெல் 1767இல் விரிவாக எழுதியிருக்கிறார். பசு அம்மை வேறு கதை. 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுமடியிலிருந்து எடுத்த அம்மைப் பாலைக் குத்துவது பழைய சமஸ்கிருத நூலிலேயே இருக்கிறது என்று அது சொன்னது. ஜென்னர் முறை இங்கே வந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம். வெள்ளைக்காரன் ஊசி என்று மக்கள் ஒதுங்கினார்கள். சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்றால் கையை நீட்டுவார்கள் அல்லவா? நல்லெண்ணத்தில் செய்த போலி அது என்று வரலாற்றாய்வாளர் டொமினிக் உயாஸ்டிக் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

போலி என்றாலும் அது போட்ட நடை அசாத்தியம். ஐரோப்பிய இதழ்களுக்குப் போய், மருத்துவ வரலாற்று நூல்களில் ஏறி, 1905இல் கிண்டி கிங் நிலையத் திறப்பு விழாவில் தன்வந்திரி பெயரோடு ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவின் உரையிலேயே தலைகாட்டியது. பிறகு அந்த உரையே சான்றாகி இன்றுவரை சுற்றுகிறது. கலைக்களஞ்சியத்தைப் பார்த்துப் பேப்பர் எழுத, அந்தப் பேப்பரையே கலைக்களஞ்சியம் மேற்கோள் காட்டும் கூத்து இப்போதுதான் தொடங்கியது என்று நினைத்திருந்தேன். நம் மதராசில் இருநூறு வருடத்துக்கு முன்பே அரங்கேறியிருக்கிறது.

ஹோல்வெல்லைச் சான்றாக வைத்து வங்காள வழக்கத்தை எழுதுங்கள். நிற்கும்.

செயற்கை நுண்ணறிவே எழுதும் கலைக்களஞ்சியம் வந்துவிட்டதே, இனி இந்தச் சண்டைகள் எதற்கு?
– வாசகர், கோலாலம்பூர்

ஈலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனத்துக் குரோக்கிப்பீடியாவைச் சொல்கிறீர்கள். 2025 அக்டோபரில் வந்தது. அதன் கட்டுரைகளில் பல, விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தாண்டவை என்று அங்கேயே குறிப்பு இருந்தது. வாசகர் திருத்தம் பரிந்துரைக்கலாம். ஏற்பதா வேண்டாமா என்பது இயந்திரத்தின் கையில். சண்டை போட ஆள் கிடைக்காத இடம் எனக்குச் சரிப்படாது.

தமிழ் விக்கிப்பீடியாவில் தடுப்பூசிக் கட்டுரைகள் எப்போதோ எழுதியவை போலத் தெரிகின்றன. நம்பலாமா?
– செவிலியர் பயிற்சி மாணவி, திருநெல்வேலி

2003இல் தொடங்கிய களஞ்சியம். கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. உழைக்கும் கைகள் குறைவு. ஆங்கிலத்தில் தவறான மாற்றம் நிமிடத்தில் அகப்படும். இங்கே ஆபத்து பெரும்பாலும் மாறாமல் கிடப்பதில்தான். ஒன்று சொல்கிறேன்: ஊசிவழிப் போலியோ மருந்து நம் அட்டவணையில் 6, 14ஆவது வாரங்களில் இரண்டு தவணையாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாவது மாதத்தில் மூன்றாவதும் சேர்ந்தது. அதற்கு முன் எழுதிய எந்தப் பக்கமானாலும், யாரும் கை வைக்காவிட்டால் இரண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். உங்களிடம் புதிய அட்டவணை பாடமாகவே இருக்குமே, வந்து திருத்துங்கள். சந்தேகம் என்றால் 'ஆலமரத்தடி' என்ற பொதுப் பக்கத்தில் கேளுங்கள், யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பேரனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. மருமகள் போனில் ஒரு பக்கத்தைக் காட்டுகிறாள், மகன் வேறொன்றைக் காட்டுகிறான். எதைப் பார்ப்பது?
– பாட்டி, அரியலூர்

இரண்டு போனையும் வாங்கி உள்ளே வையுங்கள் அம்மா. வருகிற புதன்கிழமை காலையில் துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நாள். தட்டம்மை–ரூபெல்லா ஊசியோடு அந்த மூன்றாவது போலியோ ஊசியும் இருக்கும். பிறந்தபோது பேரனுக்குக் கொடுத்த தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.