இரண்டு வேளை துலக்கியும் சொத்தை ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் காலை, இரவு இரண்டு வேளையும் தவறாமல் பல் துலக்குகிறோம். ஆனாலும் 7 வயது மகளுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்திருக்கிறது. அது பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடலாமா? எனக்குத் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. கணவருக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூச்சம். மாமியார் மேலே முழு பல்செட் போட்டிருக்கிறார், கீழே சொந்தப் பற்கள். ஒன்றரை வயதில் மகன் இருக்கிறான். எல்லோருக்கும் ஒரே பேஸ்ட்தான். எங்கே தவறு செய்கிறோம்?

பதில்: வேளைக் கணக்கில் நீங்கள் குறை வைக்கவில்லை. பிரஷ் போய்ச் சேரும் இடத்தில்தான் குறை. வீட்டில் யாராவது துலக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல்லின் புடைத்த முகத்தின் மீதே பிரஷ் முன்னும் பின்னும் ஓடும். அந்த இடத்தை நாக்கும் கன்னமும் நாள் முழுக்க ஓரளவு துடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. கிருமிப் படலம் தங்குவது வேறு மூன்று இடங்களில்: கடிக்கும் பரப்பின் பள்ளங்கள், ஈறும் பல்லும் சேரும் விளிம்பு, இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள சந்து. உங்கள் மகள் கோட்டைவிட்டது முதல் இடத்தில். நீங்கள் அடுத்த இரண்டில். உங்கள் கணவர் அளவுக்கு மீறித் தேய்க்கிறவராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மகள். அந்தப் பல் பெரும்பாலும் பால் பல் அல்ல. 6 வயதை ஒட்டி, பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு நிரந்தரப் பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வெற்று ஈறில் முளைப்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்: முன்பல் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பால் பற்கள் ஐந்துதான். ஆறாவதாக நிற்கிறதே, அதுதான் ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அது போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது.

இந்தப் பல் இவ்வளவு சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. முழுதாக மேலே எழும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்கும். வழக்கம்போல முன்னும் பின்னும் இழுத்தால், உயரமான பல்லின் மேலே ஓடும் பிரஷ் பின்னாலிருக்கும் இந்தப் பல்லைத் தொடாமலே திரும்பிவிடும். போதாததற்கு, இதன் கடிபரப்பிலுள்ள சில வெடிப்புகள் பிரஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் நார் அடிவரை இறங்காது.

ஆகவே இந்தப் பல்லுக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. பிரஷை ஓரமாக நுழைத்து, பல் வரிசைக்குக் குறுக்காக வைத்து, அந்த ஒரு பல்லின் மேற்பரப்பை மட்டும் பத்துப் பதினைந்து முறை சின்னச் சின்னதாகத் தேயுங்கள். வாயை 'ஆ' என்று முழுக்கத் திறக்கச் சொல்லாதீர்கள். கன்னம் இறுகி பிரஷ் தலை உள்ளே போகாது. பாதி மூடினால் இடம் கிடைக்கும். குழந்தைக்குப் பின்னால் நின்று, அவள் தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டால் கடைசிப் பல்வரை கண்ணுக்குத் தெரியும். 7, 8 வயதுவரை, குழந்தை தானாகவே துலக்கினாலும், இரவில் மட்டுமாவது பெரியவர் ஒருவர் பிரஷை வாங்கி முடித்துவைக்க வேண்டும்.

சொத்தையின் ஆழத்தை நேரில் பார்த்தும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்தும்தான் சொல்ல முடியும். வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பல்லின் வெளி உறையான எனாமலில் நரம்பு கிடையாது. விடாமல் வலிக்கத் தொடங்கும்போது சொத்தை பெரும்பாலும் நரம்பை நெருங்கியிருக்கும். சீக்கிரம் போனால் அடைப்போடு முடிகிற காரியம், தாமதித்தால் வேர் சிகிச்சைவரை இழுக்கும். கூடவே, இன்னும் கெடாத மற்ற மூன்று பற்களுக்கு சீலன்ட் பூச முடியுமா என்று கேளுங்கள். ஊசி இல்லை, குடைவதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, பள்ளங்களை ரெசின் என்ற பிசினால் மூடி, ஒளி காட்டி இறுக்குவார்கள். ஒரு பல்லுக்குச் சில நிமிடம்தான். ஆனால் எச்சில் பட்டால் ஒட்டாது. பல் பாதி ஈறுக்குள் இருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள். அதுவரை பல்லை உறுதியாக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம். பூசிய சீலன்ட் பெயர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை அது பால் பல்லாகவே இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை வேலை செய்ய வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாய்ந்துவிடும். அடியில் வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும்.

பிரஷோடு நிற்காமல் தின்பண்டத்தையும் பார்க்க வேண்டும். இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். படலத்திலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் ஏற ஏற பிஎச் அளவு இறங்கும்; பல்லின் மேல் அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமன்படுத்த அரை மணி, சில நேரம் ஒரு மணி வரை ஆகும். ஒரு டம்ளர் ஜூஸை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு தாக்குதல். அதையே இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல்லுக்கு இடைவெளியே கிடையாது. பிஸ்கட்டும் இப்படித்தான், பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இருக்கும். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், இடையில் தண்ணீர் மட்டும் போதும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைவதால் இரண்டு வேளையில் இரவு வேளைதான் பெரியது. துலக்கிய பிறகு ஒரு வாய் பால்கூட வேண்டாம்.

இனி உங்கள் ஈறு. ரத்தம் வந்ததும் பெரும்பாலோர் செய்வது, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துலக்குவது. இதனால் படலம் இன்னும் சேர்ந்து, ஈறு இன்னும் வீங்கி, அடுத்த வாரம் தொட்டாலே ரத்தம் வரும். ரத்தம் வருகிற இடம்தான் பிரஷ் அதிகம் தேவைப்படுகிற இடம். மென்மையான நார், இரண்டு மூன்று பல் அகலத்துக்கு மேல் போகாத சிறிய தலை. இப்படி ஒரு பிரஷை எடுத்து, நார் பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் படும்படி 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். இடத்தை விட்டு நகராமல் பத்துத் தடவை மெல்ல அதிரவிட்டு, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கித் தள்ளுங்கள். அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வாயை நான்காகப் பிரித்துப் பகுதிக்கு அரை நிமிடம் என்றால் இரண்டு நிமிடம் ஆகிவிடும். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு பிரஷை நெட்டாகத் தூக்கிப் பிடியுங்கள். நாக்குக்கு அடியிலிருந்து எச்சில் ஊறும் இடம் அது. காரை, அதாவது கல் போல இறுகிய படலம், முதலில் படிவதும் அங்கேதான்.

பற்களின் இடுக்குக்குள் எந்த பிரஷும் போகாது. ஃப்ளாஸ் நூல் சுமார் 45 செ.மீ. எடுத்து, பெரும்பகுதியை இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் விட்டுப் பிடியுங்கள். வெடுக்கென்று உள்ளே இறக்கினால் ஈறை அறுக்கும். ரம்பம் இழுப்பது போல மெல்ல இறக்க வேண்டும். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து, ஈறுக்கு அடியில் தடை தட்டும்வரை போய், மேலும் கீழுமாக நாலைந்து தடவை வழியுங்கள். அதே சந்தில் எதிர்ப் பல்லுக்கும் அப்படியே. பலர் ஒரு பல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். பற்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தால் நூலைவிட இடைப்பல் பிரஷ் மேல். திணிக்காமல் உள்ளே போகக்கூடியதில் பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். ஒரு வாரம், பத்து நாளில் குறைய வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் அடியில் காரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். படலம் எச்சிலின் தாதுக்களோடு சேர்ந்து கெட்டியானதுதான் காரை. அதை பிரஷால் எடுக்க முடியாது, மருத்துவர்தான் கருவி கொண்டு நீக்க வேண்டும். 'க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடும்' என்ற பயத்தால் அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஆடுகிற பல்லைப் பிடித்திருந்த எலும்பு ஏற்கெனவே கரைந்து, அந்த இடத்தைக் காரை நிரப்பி முட்டுக்கொடுத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ ஈறு சீக்கிரம் வீங்கும். மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கக் கூடியவை. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நீங்களாக மாதக்கணக்கில் பயன்படுத்தாதீர்கள். பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசியும் மாறும்.

கணவரின் பல்லில், ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் ஒரு வெட்டில் மாட்டினால், முரட்டு பிரஷால் குறுக்காக அறுத்துத் தேய்த்ததன் தழும்பாக இருக்கலாம். ஈறு இறங்கிய இடத்தில் எனாமல் கிடையாது. உள்ளேயிருக்கும் டென்டினின் நுண்குழாய்கள் வழியாகக் குளிர்ச்சி நேரே நரம்பை எட்டுகிறது. பிரஷை முஷ்டியில் பிடிக்காமல் பேனாவைப் போலப் பிடித்தாலே அழுத்தம் குறையும். மூன்று மாதத்துக்குள் நார் விரிந்துவிட்டால் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கரித்தூளும் 'வெண்மையாக்கும்' பொடிகளும் அறவே வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டை இரண்டு வேளையும் பயன்படுத்தட்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், இரண்டே நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது. எலுமிச்சை, சோடா போன்ற புளிப்பு எதைக் குடித்தாலும் அரை மணி கழித்தே துலக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: குளிர் பட்டதும் சுரீர் என்று வந்து சில நொடிகளில் அடங்கினால் அது கூச்சம். ஒரே பல்லில் வந்து நிமிடக்கணக்கில் நின்றாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ பேஸ்ட் உதவாது, பல்லைக் காட்ட வேண்டும்.

மாமியார் இரவில் பல்செட்டைக் கழற்றி வைக்க வேண்டும். போட்டுக்கொண்டே தூங்கினால் மேலண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். பல்செட்டைத் தனி பிரஷாலும் சோப்பாலும் தேயுங்கள். பேஸ்ட் அதன் பரப்பில் கீறல் போட்டுவிடும், கீறலுக்குள் கிருமி குடியேறும். வெந்நீர் பட்டால் வளைந்துபோய் வாயில் பொருந்தாது, உலரவிட்டாலும் கெடும். இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறட்டும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. அண்ணத்தையும் நாக்கையும் மென்மையான பிரஷால் துடைக்க வேண்டும். கீழ்ப் பற்களின் வேர் வெளியே தெரிந்தால் அங்கே சொத்தை வேகமாகப் பரவும். ரத்த அழுத்தம், மன அழுத்தம் போன்றவற்றுக்கான சில மாத்திரைகள் வாயை உலர்த்துபவை. வாய் வறட்சி இருந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடமே கேட்கட்டும்.

மகனின் மேலுதட்டை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் முதல் அடையாளம் அதுதான். அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு கொண்டு நிறுத்திவிடலாம், பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அது மட்டும் போதாது. பால் புட்டியோடு தூங்கவைப்பது இதற்கு முக்கியக் காரணம்.

கணவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பேஸ்ட் ஒன்றாகவே இருக்கலாம், அளவுதான் மாற வேண்டும். குழாயின் மேல் ஃப்ளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மகனுக்கு அரிசிமணி அளவு, மகளுக்குப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் விற்கத்தான் உதவும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். கொப்பளித்தே பழகிய வீட்டில் இது முதலில் அசிங்கமாகத் தோன்றும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மகளை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், மகனையும் கூடவே கூட்டிப்போகலாம். இடையில் அவளுக்குக் கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.